நாற்பத்தெட்டு மூலிகையும் ஒரு கால் விரலும்

ஜூன் 3, செவ்வாய்

விடியுமுன்னே மழை. இன்று கஞ்சி வியாபாரம் இல்லை. வல்லாரைக் கட்டு வாளியிலேயே கிடக்கிறது. குட்செட் பஸ் ஸ்டாண்டில் என் ஆட்கள் ஒரு நாள் இலைக்கஞ்சி குடிக்காவிட்டால் செத்துப்போக மாட்டார்கள்.

துரைக்கு கிளினிக். (துரை என்று எழுதுவது என் வீட்டுக்காரர் சேவியரை. ஒரு கடை வாசலில் செக்குரிட்டி வேலை. நடை மட்டும் துரை நடை.)

நம்பர் 41. பெஞ்சில் நாலு மணி நேரம். பக்கத்து பெஞ்சில் ஒரு கிழவர் குறட்டை, அவருடைய நம்பர் போயே போய்விட்டது.

டாக்டர் சின்னப் பிள்ளை, சிங்களம். தமிழும் பேசுகிறாள். கிளினிக் கொப்பியைப் பார்த்தாள், இடது கால் பெருவிரலை அமுக்கினாள். சப்பாத்து கடித்த காயம், ஓரம் கறுப்பு.

"ஐயா, சீனி 286. குளிசை ஒழுங்கா எடுக்கிறதா?"

"எடுக்கிறேன் மிஸ்ஸி."

"ஒரு மாசம் பாக்கிறேன். கொறையல்லன்னா வார்ட்ல போட்டு இந்த வெரல் எடுக்கணும்."

இரண்டு விரலால் கத்தரி மாதிரி வெட்டிக் காட்டினாள். துரை எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். ஆட்டிய ஆட்டத்திலேயே தெரிந்தது, ஒன்றும் செய்யப் போவதில்லை என்று.

பஸ்ஸில் சொன்னார்: "அந்தக் குளிச சூடுடீ. கிட்னிய தின்னுரும்."

வீட்டுக்கு வந்ததும் இரண்டு மருந்துக் கவரையும் அந்தோனியார் சுரூபத்துக்குப் பின்னால் வைத்தார். காணாமல் போனதைத் தேடித் தருகிற புனிதரிடமே ஒளித்து வைக்கிற ஆள்.

ஜூன் 5, வியாழன்

வெயில். கஞ்சி 30 கோப்பையும் ஏழரைக்குள் முடிந்தது. சக்கரைத் துண்டு பத்தவில்லை.

பின்னேரம் டெ.மி. வந்தது. டெ.மி. என்றால் டெய்சி மிஸ், பென்சன் எடுத்த டீச்சர், வெள்ளிக்கிழமை ஜெபக் கூட்டத்துக்குத் தலைவி. ஜெபம் பாதி, நீல டின் வியாபாரம் பாதி. முழுப்பெயர் எழுத மை வீண்.

டின்னைக் கதிரையில் வைத்தது, தான் நின்றது. அவ்வளவு மரியாதை டின்னுக்கு.

"சேவியர், இதுல நாப்பத்தெட்டு மூலிகை."

"என்னென்ன மிஸ்?" என்றேன்.

"அது கம்பனி ரகசியம் ரீட்டா."

"நான் கஞ்சியில நாலு எல போடுறேன். யார் கேட்டாலும் பேர் சொல்லுவேன். நாப்பத்தெட்டுல ஒரு நாலு சொல்லுங்களேன்."

துரை முறைத்தார். டெ.மி. சிரித்தது. படித்தவர்கள் சிரிக்கிற சிரிப்பு, பல் தெரியாமல்.

"இது மருந்தா, சாப்பாடா மிஸ்?"

"சாப்பாடுதான். ஆனா மருந்துக்கு மேல."

விலை கேட்டால் மருந்து. டாக்டர் கேட்டால் சாப்பாடு.

"அப்ப கிளினிக் குளிசைய நிப்பாட்டச் சொல்றீங்களா?"

"நான் அப்பிடிச் சொல்லல்ல. ரெண்டையும் ஒண்ணா எடுத்தா பவுடர் வேல செய்யாது. அத மட்டுந்தான் சொன்னேன்."

நான் அஞ்சாம் வகுப்பு. எனக்கே விளங்கியது. துரை எட்டு வரைக்கும் படித்தவர், விளங்கவில்லை.

அலுமாரி மேல் தட்டு, இன்று பார்த்தது:

கொத்தலஹிம்புட்டு மரக் கோப்பை. ராத்திரி தண்ணீர் ஊற்றி வைத்துக் காலையில் குடிப்பது, சீனிக்கு. ஒரு மாதம் குடித்தார். இப்போது அதில் சீப்பு.

செம்பு வளையல். பிரஷருக்கு. கை பச்சையாகியது.

மீன் எண்ணெய்க் குளிசை, கட்டாரிலிருந்து கொழுந்தன் அனுப்பியது. ஞாபக சக்திக்காம். குடிக்க மறந்தே திகதி முடிந்தது.

முழங்கால் எண்ணெய். வாசம் நனைந்த சாக்கு.

பல நிறத்தில் விற்றமின், பெரிய போத்தல். மூத்திரம் மஞ்சளானதைத் தவிர வேறு மாற்றம் இல்லை. அதையே நல்ல குணம் என்று ஊருக்குச் சொன்னார்.

இனி நீல டின்.

ஜூன் 6, வெள்ளி

தூறல். தேங்காய், உப்பு, துரைக்கு பெண்டேஜ்.

காயம் கட்டினேன். நாற்றம். முந்தாநாள் இல்லாத நாற்றம். வாயை மூடிக்கொண்டு கட்டினேன், எனக்கு அது பழக்கமில்லை.

"என்னடி சத்தமே காணோம்?"

"மூக்குல வேல இருக்கு."

இந்தக் காலால்தான் ஹுன்னஸ்கிரியவிலிருந்து மடுல்கெல்ல வரை நடந்து வந்து உன்னைப் பெண் பார்த்தேன் என்று இன்னும் எல்லோரிடமும் சொல்கிறார். பொய். தேயிலைக் கொழுந்து ஏற்றுகிற லொறியில் வந்தார். இறங்கி எங்கள் லயத்து வீட்டுக்கு ஏறினது மட்டும்தான் நடை. ஏறினார், அது உண்மை. இரண்டு இரண்டு படியாக.

கெஞ்சினேன். கேலி செய்தேன். சாப்பாடு போடவில்லை. போட்டேன். ஒன்றுக்கும் அசையவில்லை.

"டெய்சி மிஸ் படிச்சவ. ஒனக்கு என்னடி தெரியும்?"

ஜூன் 7, சனி

ஒரு முடிவு.

சுரூபத்துக்குப் பின்னாலிருந்து கவர்களை எடுத்துக்கொண்டு டவுன் பார்மசிக்குப் போனேன். முழுங்க முடியாத மனுசன், இடித்துக் கொடுக்கலாமா என்று கேட்டேன். அங்கிருந்த பெண் இரண்டையும் பார்த்து, இது சரி, இடிக்கலாம், கவரில் எழுதிய அளவுதான், சாப்பாட்டோடு என்றாள். முழுங்க முடியாத என்று சொன்னது பாதி உண்மை. தலைக்கனம் தொண்டையில் நிற்கிறது.

காலைக்கு உள்ளது காலைக் கஞ்சியில். இரவுக்கு உள்ளது இரவுக் கஞ்சியில். சின்ன உரலில் இடித்தால் மா மாதிரி.

துரை ஒரு வாய் குடித்து முகத்தைச் சுளித்தார்.

"என்னடி இப்பிடிக் கசக்குது?"

"மிஸ்ஸோட பவுடர கஞ்சியிலயே கலந்துட்டேன். இனி நானே கலந்து தாரேன்."

"அப்பிடிச் சொல்லு. கசந்தாத்தான் வேல செய்யும்." முழுக்கோப்பையும் குடித்தார். கோப்பையைக் கழுவி ஊற்றி அதையும் குடித்தார்.

பவுடர் ஒரு கரண்டி கணக்காகக் கறிவேப்பிலைச் செடிக்குப் போகிறது. செடிக்குச் சீனி வியாதி இல்லை. பார்ப்போம்.

ஜூன் 18, புதன்

வெயில். உடுப்பு எல்லாம் காய்ந்தது.

நாற்றம் இல்லை. காயத்தின் ஓரம் சிவப்பு, நல்ல சிவப்பு. ராத்திரி நாலு முறை எழும்பினவர் இப்போது ஒரு முறை.

துரை டின்னைத் துடைத்து சுரூபத்துக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார். முன்னால் பூ வேறு. நான் உள்ளே போய்த் தலையணையில் வாயை வைத்துச் சிரித்தேன். என்னைப் போல கெட்டிக்காரி கண்டியில் இல்லை.

ஜூலை 1, செவ்வாய்

கிளினிக். நம்பர் 17. சீனி 138.

டாக்டர் பிள்ளைக்குச் சந்தோஷம். "நல்லம் ஐயா. வெரல் தப்பிச்சு. இதே குளிசை இதே மாதிரி எடுங்க."

துரை என்னைப் பார்த்துக் கண் சிமிட்டினார். பாவம் அந்தப் பிள்ளைக்கு ஒன்றும் தெரியாது என்கிற சிமிட்டல். நானும் சிமிட்டினேன். இரண்டு பேருடைய சிமிட்டலும் வேறு வேறு.

கோழி அரைக் கிலோ. சமைத்தேன்.

ஜூலை 4, வெள்ளி

ஜெபக் கூட்டம். துரை சலவைச் சட்டை, சென்ட்.

பாட்டு முடிந்து சாட்சி சொல்லும் நேரம். போன கிழமை ஒருத்தர் மகனுக்கு விசா கிடைத்ததற்குச் சொன்னார். இன்று டெ.மி. துரையின் தோளைப் பிடித்து மைக்குக்கு முன் நிறுத்தியது. துரை சப்பாத்தைக் கழற்றி விரலைக் காட்டினார்.

"டாக்டர் வெட்டணும்னு சொன்ன வெரல் இது. குளிசைய நிப்பாட்டி ஒரு மாசம். 286 இருந்தது 138. ஆண்டவரும் இந்த டின்னும்."

ஆண்டவரை முதலில் சொன்னாரே, அதுவே பெரிசு.

அல்லேலூயா போட்டார்கள். சிரிப்பை அடக்க முந்தானையை வாயில் வைத்தேன். பக்கத்தில் இருந்தவள் நான் அழுகிறேன் என்று முதுகைத் தடவினாள்.

கூட்டம் கலைந்ததும் கேக் மேசைக்கு முன் வரிசை. கேக்குக்கு இல்லை. பதினொரு பேர் டின் வாங்கினார்கள். முந்தானையை எடுத்தேன். சிரிப்பு வரவில்லை.

ஜூலை 5, சனி

சந்தியில் ஃபாரூக் நானாவின் பலசரக்குக் கடை. பருப்பு வாங்கப் போனேன். எனக்கு முன்னால் துரை அங்கே, விரலைக் காட்டிக்கொண்டு. ஜெபத்துக்கு வராதவரையும் விடவில்லை. நானாவுக்குச் சீனி பத்து வருஷத்துக்கு மேல், காலையும் இரவும் ஊசி.

"ரீட்டா, ஒங்கட மாப்புள்ள சொல்றது உண்மையா?" என்று கேட்டார் நானா.

துரை என்னைப் பார்த்தார். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு.

நான் சொன்னது, அப்படியே எழுதுகிறேன்: "வெரல் நல்லாகிருச்சு நானா. அது உண்மை."

டெ.மி. பேசுகிற மாதிரியே பேசியிருக்கிறேன்.

ஜூலை 11, வெள்ளி

மழை. கஞ்சி மிச்சம்.

கந்தோர் வேலைக்குப் போகிற ஒரு பெண் கேட்டாள், அக்கா, அந்த பவுடர் போட்ட கஞ்சி இருக்கா என்று. இல்லை, இது மனிதர் குடிக்கிற கஞ்சி என்றேன்.

நானா கடையில் கல்லாவுக்குப் பக்கத்தில் நீல டின். ஊசி போடுறீங்கதானே நானா என்று கேட்டேன். "ரெண்டையும் ஒண்டா எடுக்கப்படாதாமே," என்றார். போடுங்க நானா என்றேன். அவர் வேறொரு ஆளுக்கு அரிசி நிறுத்துக்கொண்டிருந்தார். பிறகு விவரமாகச் சொல்லலாம் என்று வந்துவிட்டேன்.

துரைக்குத் தெரிந்தால் கஞ்சி குடிப்பதை நிறுத்துவார். விரல் போகும். அதனால் சொல்லவில்லை. அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.

கறிவேப்பிலைச் செடி இலை கொட்டுகிறது.

ஜூலை 17, வியாழன்

காலை பத்து மணி. நானா கடைக்குள்ளேயே விழுந்துவிட்டார், வெங்காய மூட்டை மேல். வாயில் பேச்சில்லை. துரைதான் த்ரீவீலரில் தூக்கிப் போட்டார். நான் அவர் மனைவி ராத்தாவோடு பின்னால் போனேன்.

சீனி மீட்டரில் நம்பரே வரவில்லையாம், ஹை என்று மட்டும் வந்ததாம்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் ராத்தா என் கையை விடவில்லை.

"நான் ஊசியப் போடுங்க போடுங்க எண்டு சண்டை புடிச்சேன் ரீட்டா. ஒங்கட மாப்புள்ளய பாரு, வெரல பாரு எண்டு சொல்லிட்டே ஈந்தாரு."

கை குளிர்ந்து கிடந்தது. என்னுடையதா அவருடையதா தெரியவில்லை.

துரை தூணுக்குப் பக்கத்தில். அவருக்கும் கேட்டது.

ஜூலை 18, வெள்ளி

நானா கண் திறந்தார். பேசினார். ராத்தா காலையிலேயே போன் பண்ணினார். அதைக் கேட்ட பிறகுதான் தண்ணீர் குடித்தேன்.

பிறகு துரையைக் கட்டிலில் உட்கார வைத்து, வெறும் மருந்துக் கவர்களையும் உரலையும் முன்னால் வைத்தேன்.

நேரம் எடுத்தது அவருக்கு. கவரைத் திருப்பினார். மோந்து பார்த்தார்.

"எப்ப இருந்து?"

"கசக்குதுன்னீங்களே, அன்னயில இருந்து."

"பவுடர்?"

"செடிக்கு."

அடிப்பார் என்று நினைத்தேன். இருபத்தெட்டு வருஷத்தில் அடித்ததில்லை, இன்று அடித்தால் வாங்கிக்கொள்ளலாம் என்று இருந்தேன். அடிக்கவில்லை.

"நானாவுக்கு யாருடி சொல்றது?"

"நீங்கதான். சொன்ன வாய் ஒங்க வாய்."

"இடிச்ச கை ஒன் கை."

எழும்பிச் செருப்பைப் போட்டேன்.

இரண்டு பேரும் போனோம். வார்டில் நானாவுக்குத் துரைதான் சொன்னார், திக்கித் திக்கி. நானா முகட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"எனக்கும் ஒரு கோப்ப கஞ்சி தந்தீக்கலாமே ரீட்டா."

சிரிக்கவில்லை அவர். நானும்தான்.

அங்கிருந்து நேரே ஜெபக் கூட்டம். துரை கூப்பிடாமலே மைக்குக்குப் போனார். சென்ட் இல்லை.

"போன தடவ நான் சொன்ன சாட்சி பொய். எனக்குத் தெரியாம சொன்ன பொய். எம் பொண்டாட்டி குளிசைய இடிச்சுக் கஞ்சியில போட்டிருக்கா. வெரல காப்பாத்தினது அந்தக் குளிச. குளிச நிப்பாட்டினவங்க இன்னிக்கே எடுங்க. நாளைக்கு டாக்டர்கிட்ட போங்க."

ஒருத்தர் அல்லேலூயா என்றார், பழக்கத்தில்.

டெ.மி. எழும்பியது. "சேவியர், குளிச போட்டிருக்கலாம். ஆனா பவுடரும் சேந்துதானே சொகமாகியிருக்கு."

நான் பின்னாலிருந்து எழும்பினேன். "பவுடர் அவர் வயித்துக்குள்ள போகல்ல மிஸ். கறிவேப்பிலைச் செடிக்குப் போட்டேன்."

டெ.மி. கொஞ்சம் யோசித்தது. "செடி எப்பிடி இருக்கு?"

"மொட்ட."

டின் வாங்கின பதினொரு பேரில் இன்று வந்தது ஆறு. மிச்சம் அஞ்சு வீடு.

ஜூலை 19, சனி

வானம் மூடம். கஞ்சி விற்கவில்லை. வீடு வீடாகப் போக வேண்டும். ஒன்று தென்னக்கும்புர. ஒன்று வத்தேகம, பஸ். மற்ற மூன்றும் நடை தூரம். துரைக்குச் செருப்பு, சப்பாத்து வேண்டாம். டின்னைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லப் போவதில்லை, சீப்பு போட்டு வைக்கட்டும். குளிசையும் ஊசியும் மட்டும் சொல்ல வேண்டும்.

காலையில் சோசரில் குளிசையை வைத்தேன். முழுசாக. துரை கையில் எடுத்து, வெளிச்சத்தில் பிடித்து, என்னைப் பார்த்து, முழுங்கினார். தண்ணீர் இரண்டு மிடறு.

பிறகு கஞ்சி. ஒரு வாய் குடித்துவிட்டு நிறுத்தினார்.

"என்னடி, சப்புன்னு இருக்கு. எதயோ போட மறந்துட்ட."