ஸ்டெப்னிக்கு ஓர் இடம்

நவம்பர் 9, ஞாயிறு

மேல்விஷாரம் ஜான் பாஷாவின் பட்டறையில் எங்கள் குட்டி டிரெய்லர் கிட்டத்தட்ட தயார். காருக்குப் பின்னால் கட்டி இழுத்துப்போகலாம். உள்ளே இரண்டு பேர் கால் நீட்டிப் படுக்கலாம். பின்கதவைத் தூக்கினால் அடுப்படி. ஸ்டெப்னியை எங்கே மாட்டுவது என்பதுதான் பாக்கி.

"பின்னாடி மாட்டிடலாம்க்கா, ஜீப்பு மாதிரி கெத்தா இருக்கும்" என்றார் ஜான் பாஷா. என் வீட்டுக்காரர் வசந்த், "அடியில மாட்டினா கண்ணுக்கே தெரியாது" என்றார்.

யார் கழற்றப்போகிறார்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. தான்தான் என்று வசந்த் நினைத்துக்கொண்டிருக்கிறார். கிறிஸ்துமஸ் விடுமுறையில் ஏலகிரிக்குப் போவது நானும் என் கம்பெனித் தோழி அக்தரியும் மட்டும் — இதை இன்னும் அவரிடம் சொல்லவில்லை. கல்யாணமான நாளிலிருந்து எந்தப் பயணத்திலும் ஓட்டுவது அவர். பக்கத்தில் உட்கார்ந்து தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுப்பது நான். ஒரு தடவை நான் ஓட்டக்கூடாதா?

நவம்பர் 12

ஷூ கம்பெனியில் எங்கள் வேலையே அட்டையில் பேட்டர்ன் வெட்டுவதுதான். மதியம் அதே அட்டையில் டயர் அளவுக்கு ஒரு வட்டம் வெட்டினேன். பக்கத்து மேசை அக்தரி பேகம் எட்டிப் பார்த்தாள். "இன்னா எழில், யானைக்கு செருப்பா?"

நவம்பர் 16, ஞாயிறு

பட்டறையில் நானும் அக்தரியும் அட்டை டயரை ஒவ்வோர் இடமாக ஒட்டிப் பார்த்தோம். அடியில் — "மழையில சேத்துல யாருடி படுக்கறது?" என்றாள் அக்தரி. கூரையில் — எட்டாது. உள்ளே — எங்கள் கால்களுக்கு இடமில்லை. பின்னால், அடுப்படிக் கதவுக்குப் பக்கத்தில் அச்சாகப் பொருந்தியது. சரி, பின்னால்தான். ஜான் பாஷாவுக்கு ஒரே பெருமை.

நவம்பர் 23, ஞாயிறு

நிஜ டயரை மாட்டி, காரிலிருந்து டிரெய்லரைக் கழற்றியதும் அதன் மூக்கு வானத்தைப் பார்த்தது. பின்கதவு வழியாகப் பாத்திரங்கள் கடகடவென்று கொட்டின. அக்தரி ஓடிப்போய் முன்கம்பியில் உட்கார்ந்து அதை இறக்கினாள். "நான் இப்படியே ஏலகிரி வரைக்கும் வரணுமா?"

சிரித்துச் சிரித்துக் கண்ணீர் வந்துவிட்டது. அட்டைக்கு எடை கிடையாது — இத்தனை வருஷம் அட்டையோடு குடித்தனம் செய்த எனக்கு இது தோன்றவே இல்லை!

ஸ்டெப்னியை முன்னால் இழுவைக் கம்பியின் மேல், முழங்கால் உயரத்தில் மாற்றச் சொன்னேன்.

"அழகு கம்மிதான்க்கா."

"பரவால்ல. என் கைக்கு எட்டுது."

"உன் கைக்கு ஏன் எட்டணும்? நான் இருக்கேன்ல?" என்றார் வசந்த்.

சொல்லித்தான் ஆகவேண்டும். "இந்தத் தடவ நீங்க வரலங்க. நானும் அக்தரியும்தான் போறோம்."

ஜான் பாஷா வெல்டிங் முகமூடியை மாட்டிக்கொண்டு, ஏற்கெனவே பற்றவைத்து முடித்த இடத்தையே மறுபடி பற்றவைத்தார்.

வீட்டு வாசலில் வசந்திடமிருந்து ஒரே கேள்வி: "ஸ்டெப்னி மாட்டத் தெரியுமா உனக்கு?"

நவம்பர் 24

தெரியாது.

நவம்பர் 30, ஞாயிறு

வீட்டு முன்னால் நானும் அக்தரியும் பழகினோம். ஒரு நட்டு அசையவே இல்லை. ஸ்பேனர் மேல் ஏறி நின்று குதித்தேன் — கழன்றது! வசந்த் பேப்பருக்குப் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தார். ஜாக்கியை வைக்கும்போது எழுந்து வந்தார். "அந்தப் பக்க சக்கரத்துக்குக் கல்லு வெக்கல." சக்கரம் உருளாமலிருக்க ஒரு கல்லை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

கோபம் இருக்கிறதா, இல்லையா? கல்லைப் பார்த்தால் இல்லை. முகத்தைப் பார்த்தால் இருக்கிறது.

டிசம்பர் 26, ஏலகிரி

அடிவாரத்தில் டிரெய்லர் டயர் பஞ்சர்! எந்த ஆம்பளையையும் கூப்பிடவில்லை. மாற்றிவிட்டோம். கரி படிந்த கைகளைப் படமெடுத்து அக்தரி வசந்துக்கு அனுப்பினாள். உடனே போன் வந்தது.

"கல்லு வெச்சீங்களா?"

வைத்தோம்.

ஜனவரி 4, ஞாயிறு

காலையிலிருந்து வசந்த் டிரெய்லரைக் கழுவிக்கொண்டிருக்கிறார். நேற்றுதான் நான் கழுவினேன். ஸ்டெப்னியைத் துடைத்தபடி, என்னைப் பார்க்காமலே கேட்டார்: "பொங்கல் லீவுல அமிர்தி பக்கம் போறீங்களாமே... நானும் வரட்டா?"

அக்தரிக்குப் போன் போட்டேன். அவள் யோசிக்கவே இல்லை.

"வரட்டும்டி. தண்ணி பாட்டில் தெறந்து குடுக்க ஒரு ஆள் வேணாமா?"