சனிக்கிழமை ஆட்டத்துக்கு நீ போக வேண்டும்

அதிராம்பட்டினம்
புதன்கிழமை

அன்பு மகன் இத்ரீசுக்கு உம்மா எழுதுவது, அஸ்ஸலாமு அலைக்கும். கத்தாரில் நீ உடல் நலத்தோடும் ஈமானோடும் இருக்க என் துஆ எப்போதும் உண்டு. நானும் உன் ராத்தா ஷமீராவும் இங்கே நலம் என்று எழுதத்தான் வேண்டும், எழுதிவிட்டேன். போனில் நீ சொன்னதற்குப் பதில் எழுதத்தான் காகிதம் எடுத்தேன். வாப்பாவின் கூட்டாளி மீரா உசேன் நாளை தன் மகனைப் பார்க்க தோகா வருகிறார், அவரிடம் கொடுத்து அனுப்புகிறேன். வாப்பா மவுத்தான பிறகு நான் இருக்கும் இத்தா முடிய இன்னும் பாதிக்கு மேல் கிடக்கிறது. வாசற்படி தாண்டுவதில்லை, அந்நிய ஆண்கள் முன் வருவதில்லை. அது ஒன்றும் கஷ்டமாயில்லை, போக இடம் எதுவும் தோன்றவும் இல்லை. மழை விட்டு விட்டுப் பெய்கிறது. சம்பா முங்கிக் கிடக்குது, வடிஞ்சாத்தான் எதுவும் சொல்ல முடியும் என்று நம் வயலைப் பார்க்கும் நல்லக்கண்ணு சொல்லிவிட்டுப் போனார். முன்பானால் நாலு கேள்வி கேட்டிருப்பேன், இப்போது ஷமீராவிடம் சரி என்று சொல்லச் சொன்னேன்.

உலகக் கோப்பை வந்தால் நம் வாசலில்தான் பந்தலும் பெரிய டிவியும், மாடியில் அர்ஜென்டினா கொடி, அது உனக்குத் தெரியும். இந்த முறை மவுத்தான வீடு என்று மரியாதைக்காகக் கொடியை இறக்கி, பந்தலைப் பின்தெருவுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். நம் தெருவில் உரக்கப் பேசக்கூட ஆளில்லை. நல்ல மனதோடு செய்தது, குறை சொல்லக் கூடாது. ஆனால் உன் வாப்பா கத்தினால் ரயிலடி வரை கேட்ட வீடு இது. இப்போது அடுப்படிக் குழாய் சொட்டுவது கூடத்தில் கேட்கிறது. நேற்று அர்ஜென்டினாவுக்கு முதல் ஆட்டம். லுஹர் தொழுதுவிட்டு அடுப்படிக்குப் போனேன், எதற்கென்று தெரியாது. ஷமீரா வந்து பார்க்கும்போது ஒரு அண்டா இறால் வாடா சுட்டு வைத்திருக்கிறேன். யாருக்கும்மா இவ்வளவு, வீட்ல நாம ரெண்டு பேருதானே என்றாள். பந்து பார்க்க வரும் கூட்டத்துக்கு எப்போதும் சுடுகிற அளவு, கை அதுபாட்டுக்குச் சுட்டிருக்கிறது. வீணாக்குவானேன் என்று பின்தெருவுக்குக் கொடுத்தனுப்பினேன். மவுத் வீட்டிலிருந்து வாடா வந்ததும் பந்தலில் மீரா உசேன் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு பிள்ளை மாதிரி அழுதாராம். எனக்கு அழுகை வரவில்லை. வாப்பா நாற்காலியை விட்டுத் தரையில் உட்கார்ந்து ஆட்டத்தைப் பார்த்தேன். முதல் கோல் அர்ஜென்டினா போட்டது, பிறகு மூன்று கோலை ஆஃப்சைடு என்று தள்ளினார்கள், கடைசியில் சவூதியிடம் தோற்றது. சவூதியில் சம்பாதித்தவர்கள் எல்லாம் பின்தெருவில் வெடி போட்டார்கள். வாப்பா இருந்திருந்தால் ஒரு வாரத்துக்கு அவர்கள் முகத்தில் விழித்திருக்க மாட்டார். எனக்குக் கோபமும் வரவில்லை, சிரிப்பும் வரவில்லை, உள்ளே எல்லாம் மரத்துப் போய்க் கிடக்கிறது மகனே. மஃரிபு தொழுகைக்குப் பிறகு மீரா உசேன் திரைக்கு அந்தப் பக்கம் நின்று, தங்கச்சி, பந்தல நம்ம வாசலுக்கே கொண்டாந்துடவா என்று கேட்டார். கொடியையும் கட்டச் சொல்லு என்று ஷமீராவிடம் சொல்லிவிட்டேன்.

இப்போது உன் விஷயம். வாப்பாவுக்கும் உனக்குமாக எடுத்த சனிக்கிழமை டிக்கெட்டைத் திருப்பிக் கொடுக்கப் போகிறேன் என்றாய். மண்ணு காயல, அதுக்குள்ள பந்து பாக்கப் போறானா என்று உன் பெரியவாப்பா கேட்டது உன்னைச் சுட்டிருக்கிறது. பள்ளிவாசல் ஹஜ்ரத்திடமே ஷமீராவை விட்டுக் கேட்டேன். மனைவிக்குத்தான் நாலு மாதம் பத்து நாள், பிள்ளைக்கு மூன்று நாளோடு சரி என்றார். ஆகவே இத்தா எனக்குத்தான், உனக்கில்லை. எனக்கும் சேர்த்து நீ இருக்க வேண்டாம். எம்மவன் என்னை உலகக் கோப்பைக்குக் கூட்டிப் போறான் என்று அந்த டிக்கெட் படத்தை மீன்காரி வரைக்கும் காட்டிவிட்டுப் போனவர் அவர். இதிலும் தோற்றால் அர்ஜென்டினா கதை முடிந்தது என்கிறார்கள். முடிந்தாலும் நீ அங்கே இருக்க வேண்டும். வாப்பாவின் டிக்கெட்டில் மீரா உசேனைக் கூட்டிப் போ, அவரிடம் நான் சொல்லவில்லை, நீயே சொல். வாப்பாவின் கோடு போட்ட அர்ஜென்டினா சட்டையை மடித்து இதோடு வைத்திருக்கிறேன், தோள் கொஞ்சம் இறங்கும், பரவாயில்லை, போட்டுக்கொள்.

கோல் விழுந்தால் கூச்சப்படாமல் எழுந்து நின்று கத்து. டிவியில் அத்தனை பேர் சத்தம் வரும், அதில் ஒன்று நம் வீட்டுச் சத்தம் என்று கேட்டுக்கொண்டிருப்பேன். அப்போதாவது எனக்கு அழுகை வருகிறதா பார்ப்போம்.

வேளைக்குச் சாப்பிடு, தொழுகையை விடாதே, அல்லாஹ் உன்னைக் காப்பானாக. ஒவ்வொரு ஆட்டத்துக்குப் பிறகும் தொண்டைக்கு வாப்பா போட்டுக்கொள்ளும் பனங்கற்கண்டு டப்பாவில் பாதி மிச்சம் இருந்தது, சட்டையோடு வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை மறக்காமல் போன் பண்ணு. உன் குரல் கட்டாமல் இருந்தால் நீ போகவில்லை என்று தெரிந்துகொள்வேன்.

உன் உம்மா,
சைத்தூன் பீவி