ஐந்தாம் திருவிழாவுக்குத் தர்ப்பை போட்டவள்

கோப்பாய் தெற்கு,
ஆனி மாதம், தேருக்கு முதல் நாள்.

என்றும் அன்பு குறையாத அண்ணைக்கு,

கூடப் பிறந்த தங்கை சிவகௌரி எழுதிக்கொள்வது. இங்கே நானும் மகள் வினோஜாவும் எங்கள் கோயில் அம்மாளாச்சி புண்ணியத்தில் சுகமாக இருக்கிறோம். அங்கே சுகமில்லை என்று தெரியும். அதனால்தான் எழுதுகிறேன்.

ஃபோனில் கதைக்கலாமே என்று கேட்பீர்கள். எப்படிக் கதைக்கிறது? எங்கள் திருவிழா முடிந்த அன்றே வட்ஸ்அப்பில் என்னைப் புளொக் பண்ணிவிட்டீர்கள். சாதாரணமாகக் கோல் எடுத்தாலும் மணி அடித்து அடித்து ஓய்கிறது. நல்லகாலம், கனடாவில் உங்கள் ஸ்காபரோவிலேயே இருக்கும் ஸ்ரெல்லா அக்கா லீவில் வந்து நின்றவர், நாளை மறுநாள் திரும்பிப் போகிறார். அவர் கையில் இதைக் கொடுத்துவிடுகிறேன். கடிதத்தைப் புளொக் பண்ணுகிற பட்டனை இன்னும் ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை, அண்ணை. கிழிப்பதென்றாலும் வாசித்துவிட்டுக் கிழியுங்கள்.

உங்கள் பேரன் ஏழரை மாதத்திலேயே பிறந்து, மூச்சுக்கு மெஷின் பூட்டிக் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடக்கிறான் என்று கொக்குவிலில் இருக்கும் அண்ணியின் தங்கை சுவர்ணா சொன்னாள். எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. அவள் அதோடு நிறுத்தியிருக்கலாம். நீங்கள் சொன்னதையும் சொன்னாள். “சிவகௌரி கோயிலிலை போய்ச் சண்டை பிடிச்சவள். அம்மாளாச்சியின்ரை கோவந்தான் என்ரை பேரனிலை விழுந்தது” என்று சொன்னீர்களாம்.

அண்ணை, நீங்கள் என்னைத் திமிர் பிடித்தவள் என்று சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறேன். வாய்க்காரி என்று சொல்லுங்கள், அது ஊருக்கே தெரியும். ஆனால் இந்தக் கதையை மட்டும் நான் ஏற்கமாட்டேன். எனக்காக அல்ல. அம்மாளாச்சியைப் பற்றி இப்படிக் கதைக்க உங்களுக்கு எப்படி மனம் வந்தது?

நடந்ததை நான் சொல்கிறேன். செந்தூரன் சொன்னதையும் அவன் யாரையோ கொண்டு எடுப்பித்து அனுப்பிய வீடியோவையும் வைத்து முடிவு எடுக்காதீர்கள்.

ஐந்தாம் திருவிழா எங்கள் அப்பாவின் உபயத் திருவிழா. அவருக்கு முன்னம் அவருடைய அப்பாவினது. அப்பா பாரிசவாதத்தில் படுத்த வருசங்களில் அவருக்குப் பதிலாகப் பெரியப்பாவின் மகன் செந்தூரன் வந்து, சால்வையை இடுப்பில் கட்டிக்கொண்டு, விரலில் தர்ப்பை போட்டு நின்றான். கடைசியில் உபயகாரருக்கு மரியாதையாகக் கொடுக்கிற காளாஞ்சித் தட்டை வாங்கிக்கொண்டு மோட்டார் சைக்கிளில் ஏறிப் போனான். தேங்காய் உரித்தது யார்? பூ வாங்கி மாலை கட்டியது யார்? பிரசாதத்துக்கு அண்டா அண்டாவாகக் கடலை அவித்தது யார்? நானும் என் பிள்ளையும்தான். அதற்கெல்லாம் நான் ஒரு நாளும் கணக்குக் கேட்டதில்லை. அப்பா கண்ணை மூடி, வருசம் திரும்பி ஆட்டைத் திவசமும் முடிந்தபின், இந்த வருசம் நானே நிற்கிறேன் என்று உங்களிடம் ஒரு சொல் கேட்டேன். நீங்கள் “பாப்பம், பாப்பம்” என்றீர்கள். பிறகு பார்த்தால் திருவிழா நோட்டீசில் செந்தூரனின் பெயர் அச்சாகி வருகிறது! உங்களுடைய ஏற்பாடுதான் என்று அவனே சொன்னான்.

கோயில் சபைக் கூட்டத்துக்குப் போனேன். அதைத்தான் நீங்கள் சண்டை என்கிறீர்கள். தலைவர் முத்துக்குமாரு அம்மான் என்னை இருக்கச் சொல்லவும் இல்லை. “பிள்ளை, நீ கட்டிக் குடுத்தவள். புருசனோடை போனாப் பிறகு நீ வேறை குடி. உன்ரை அப்பா இளையதம்பியற்றை திருவிழாவுக்கும் உனக்கும் என்ன? அதோடை...” என்று இழுத்தார். அந்த இழுவைக்கு அர்த்தம் எனக்குத் தெரியாதா? என்னவர் போய் ஆறு வருசம். தாலி இல்லாதவள் முன்னுக்கு நிற்கக் கூடாதாம். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்பார்கள். எங்கள் ஊரில் பூசாரி கொடுத்தாலும் சபை கொடுக்காது. நான் வீட்டுக்கு வந்து, கழுவிய சட்டி பானையை எல்லாம் திரும்ப ஒருமுறை போட்டுக் கழுவினேன். வினோஜா பயந்து போனாள்.

கொடியேறியது. மூன்றாம் திருவிழா அன்றைக்கு அங்கே உங்கள் பேரன் பிறந்தான்.

அண்ணி பேஸ்புக்கில் அந்தச் சின்னக் கையைப் போட்டு, ‘எங்கள் பேரனுக்காக எல்லாரும் பிரார்த்தியுங்கள்’ என்று எழுதியிருந்தார். என் விரல் நகத்தளவு கை. பார்த்ததும் அழுதுவிட்டேன். ஊரில் முக்கால்வாசிப் பேர் பார்த்துவிட்டார்கள், ஐயரின் மனைவி உட்பட. நான்தான் ஊருக்குச் சொன்னேன் என்று நினைக்கிறீர்களாம். எனக்கென்ன விசரா? ஊர் என்னைக் கேட்டுக்கொண்டா பேஸ்புக் பார்க்கிறது?

பிள்ளை பிறந்தால் பங்காளி எல்லாருக்கும் முப்பத்தொரு நாள் துடக்கு. துடக்கோடு கோயில் வாசலை மிதிக்கக் கூடாது, தர்ப்பை எப்படிப் போடுகிறது? இது செந்தூரனுக்குத் தெரியாததல்ல. சபையில் விசாரித்தபோது தலையைச் சொறிந்துகொண்டு, “அண்ணைதான் சொன்னவர், நோட்டீஸ் அடிச்சாச்சு, திருவிழா முடியுமட்டும் ஒருத்தருக்கும் மூச்சு விடாதை எண்டு” என்று உண்மையைக் கக்கிவிட்டான். அண்ணை, அண்ணி பிள்ளைக்காக ஊரெல்லாம் பிரார்த்தனை கேட்கிறார். நீங்கள் ஒரு தர்ப்பைக்காக அந்தப் பிள்ளை பிறந்ததையே மறைக்கப் பார்த்தீர்கள். கோபம் வரவேண்டியது யாருக்கு? சொல்லுங்கள்.

திருவிழாவுக்கு முதல் நாள் பின்னேரம் திரும்பவும் கூட்டம். பங்காளிகள் ஒருவரும் உள்ளே வர முடியாது. எரிகிற வீட்டில் பிடுங்கினது லாபம் என்று, சுவிஸிலிருந்து வந்து நிற்கிற ஒரு குடும்பம் ஐந்தாம் திருவிழாவைத் தங்களுக்குத் தரச் சொல்லிக் கேட்டது. ஒருமுறை கை மாறினால் திரும்பி வராது. முத்துக்குமாரு அம்மானும் ஓம் சொல்லுகிற முகத்தோடு இருந்தார்.

இந்த முறை நான் கேட்காமலே போய்க் கதிரையை இழுத்துப் போட்டு இருந்தேன். “அம்மான், நீங்கள்தானே சொன்னனீங்கள், கட்டிக் குடுத்தவள் வேறை குடி எண்டு? வேறை குடியெண்டால் எனக்குத் துடக்கில்லை. அந்த வீட்டிலை பிறந்து, துடக்கில்லாமல், ஊரிலை இருக்கிற ஒரே ஆள் நான்தான். இல்லை, நான் அந்தக் குடிதான் எண்டால், அண்டைக்கு என்னை ஏன் திருப்பி அனுப்பினனீங்கள்? ரெண்டிலை ஒண்டைச் சொல்லுங்கோ” என்றேன். யாரோ ஒருவர், “உவளுக்கு வாய் கூடிப் போச்சு” என்றார். ஓம், கூடித்தான் போச்சு. கடைசியில் ஐயர்தான் சொன்னார்: “சங்கற்பம் சொல்ல எனக்கு ஆள் வேணும். இந்தப் பிள்ளை நிக்கட்டும். விடிஞ்சால் அபிஷேகம், நான் போய்ப் படுக்க வேணும்.”

இதுதான் நான் பிடித்த சண்டை. இதற்கு அம்மாளாச்சி கோபித்து, கடல் தாண்டிப் போய், ஒரு பச்சை மண்ணைப் பிடித்தாளாம்!

அவளை எனக்குத் தெரியும், அண்ணை. உங்களுக்கு இதுவரை சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். வினோஜாவுக்கு டெங்கு வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தது நினைவிருக்கும். நீங்கள் அங்கிருந்து காசு அனுப்பிச் செய்வித்த அபிஷேகத்தால்தான் பிள்ளை தப்பினாள் என்று இன்றைக்கும் எல்லாரிடமும் சொல்கிறீர்கள். சொல்லுங்கள், அதில் எனக்கு வருத்தமில்லை, நல்ல மனதோடு செய்தீர்கள். ஆனால் அந்த அபிஷேகத்துக்கு முதல் நாள் நடந்தது இது. பிள்ளை குடிக்கிற தண்ணீரையும் போகிற சலத்தையும் அளந்துகொண்டிருந்தார்கள். டொக்டர் முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. மாற்று உடுப்பு எடுக்க வீட்டுக்கு வந்தவள், திரும்பிப் போகிற வழியில் கோயிலடியில் பஸ்ஸை விட்டு இறங்கினேன். உச்சிப் பூசை முடிந்து கதவு பூட்டியிருந்தது. மாரி மழை. நான் வெளியில் நின்று அவளை ஏசிப் பேசத் தொடங்கினேன். கும்பிடவில்லை, அண்ணை. பேசினேன்.

“அவரை லான்ட்மாஸ்ரர் உழவு மெசினிலை போட்டுச் சாக்காட்டினாய், பொறுத்தனான். அப்பாவைப் படுக்கையிலை போட்டாய், தூக்கிக் குளிப்பாட்டினனான். இவளையும் கேக்கிறியோ? உனக்கு வெக்கமில்லையோ? நான் உனக்கு நேர்த்தி வைக்க மாட்டன். காவடியும் இல்லை, பொங்கலும் இல்லை, தர என்னட்டை ஒண்டும் இல்லை. என்ரை பிள்ளையைத் தா. நீயும் ஒரு தாய்தானே” என்று கத்தினேன். ரோட்டில் போனவர்கள் சைக்கிளை நிறுத்திப் பார்த்தார்கள். கத்தி முடித்துவிட்டுப் பஸ் ஏறிப் போனேன். வார்டில் வினோஜா தலையணையில் சாய்ந்து இருந்துகொண்டு, “ஏனம்மா இவ்வளவு நேரம்? பசிக்குது” என்றாள். அடுத்த நாள் இரத்தம் பார்த்துவிட்டு, இனிப் பயமில்லை என்றார்கள்.

டொக்டர்மார் காப்பாற்றவில்லை என்று நான் சொல்லமாட்டேன். இரவு பகலாக நின்ற அந்தப் பிள்ளைகளையும் அவள்தான் அனுப்பினாள் என்று சொல்வேன். நான் சொல்ல வந்தது வேறு. வாசலில் நின்று வாய்க்கு வந்தபடி பேசியவளுக்கே பிள்ளையைத் திருப்பிக் கொடுத்தவள், அப்பாவின் இடத்தில் நிற்கக் கேட்டதற்கா உங்கள் பேரனைத் தண்டிக்கப் போகிறாள்? பழி வாங்குகிற குணம் சபைக்கு இருக்கிறது, உங்களுக்கும் கொஞ்சம் இருக்கிறது. அவளுக்கு இல்லை. உங்களுக்குப் பயம், அண்ணை. பயத்தை ஒருவரின் தலையில் கட்டவேண்டும், கிட்ட இருந்தது என் தலை. பரவாயில்லை, எனக்குத் தலை பலம். ஆனால் உங்கள் மருமகள் பெற்ற வயிற்றோடு அந்தப் பெட்டிக்குப் பக்கத்தில் இருக்கிறாள். அவள் காதில் தெய்வக் குற்றம், அத்தையின் பாவம் என்று ஒன்றும் போடாதீர்கள்.

அன்றைக்கு என்ன நடந்தது என்பதையும் கேளுங்கள். வீடியோவில் அது இல்லை. அண்ணி போன வருசம் அனுப்பிய மயில்கழுத்துச் சேலையை உடுத்திக்கொண்டு போனேன். வெள்ளைச் சேலை உடுத்தவில்லை என்று சிலருக்கு வயிற்றெரிச்சல். பார்க்கட்டும். ஐயர் விரலில் தர்ப்பையைப் போட்டுவிட்டு, “ஆற்றை பேருக்கு?” என்று கேட்டார். என் பெயர், வினோஜாவின் பெயர், அப்பாவின் குடும்பம் என்று சொல்லத்தான் போயிருந்தேன். வாயில் வந்தது வேறு. “ஐயா, கனடாவிலை ஒரு ஆம்பிளைப் பிள்ளை பிறந்திருக்கு. பேர் இன்னும் வைக்கேல்லை. பூரட்டாதி நட்சத்திரம். அவன்ரை பேருக்கு” என்றேன். நட்சத்திரத்தை வினோஜா உங்கள் நேரத்தை வைத்துப் பஞ்சாங்கத்தில் பார்த்துச் சொல்லியிருந்தாள்.

ஐயர் ஒரு கணம் நிமிர்ந்து, “துடக்கெல்லோ பிள்ளை” என்றார். “துடக்கு பங்காளியளுக்கையா. இப்பதான் அவளிட்டை இருந்து வந்த பிள்ளைக்கு என்ன துடக்கு?” என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு, சனமெல்லாம் கேட்கப் பூரட்டாதி நட்சத்திரத்தைச் சொல்லிப் பூவை அவள் காலில் போட்டார். பின்னால் நின்ற பெண்கள் எல்லாரும் கை எடுத்துக் கும்பிட்டார்கள். என்னை வேறு குடி என்று சொன்ன முத்துக்குமாரு அம்மானும் கும்பிட்டார். அன்று நான் அங்கே நின்றது வீம்புக்குத்தான் என்று தொடக்கத்தில் நானே நினைத்திருந்தேன். உங்கள் குடும்பத்தில் உள்ளே போகக்கூடிய கால் என்னுடையது மட்டும்தான் இருந்தது. உங்கள் பேரனுக்காக அது போனது.

மற்றப்படி, கிணற்று மோட்டர் திரும்பவும் பழுது. வெங்காயம் இந்த முறை நல்ல விளைச்சல். வினோஜாவுக்கு ஏ.எல். சோதனை வருகிறது, மாமா கதைக்கமாட்டாராமா என்று கேட்கிறாள். நான் என்ன சொல்ல? அண்ணிக்கு மிளகாய்த்தூளும், பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கச் சரக்குத்தூளும் ஸ்ரெல்லா அக்காவிடம் கொடுத்திருக்கிறேன். டொக்டரைக் கேட்டுவிட்டுக் கொடுக்கச் சொல்லுங்கள்.

அண்ணை, நேர்த்தி மேல் நேர்த்தி வைத்துக்கொண்டு மூலையில் இருந்து நடுங்காதீர்கள். ஆஸ்பத்திரி வாசலிலோ, காரிலோ, தனிய நிற்கிற இடத்தில் நின்று அம்மாளாச்சியோடு சண்டை பிடியுங்கள். பிள்ளையைத் தா என்று உரிமையோடு கேளுங்கள். தங்கச்சி சொல்லி அனுப்பினவள் என்று சொல்லுங்கள். என்னை அவளுக்குத் தெரியும்.

என் சின்ன ராசா நூறு வயது இருக்க வேண்டும். அவன் நெஞ்சு தானாக மூச்செடுக்க வேண்டும். இந்தப் பாட்டியின் ஆசீர்வாதம் பலிக்கும். பலிக்காமல் போக நான் விடமாட்டேன்.

இரவில் ஃபோனைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டுதான் படுக்கிறேன். எந்த நேரமென்றாலும் கோல் எடுங்கள். திட்டுவதற்கென்றாலும் எடுங்கள், அண்ணை. பிள்ளை எப்படி என்று முதலில் சொல்லிவிட்டு, பிறகு எவ்வளவு நேரமென்றாலும் திட்டுங்கள்.

உங்கள் தங்கச்சி,
சிவகௌரி