மாவுக்கட்டும் நான்கு வளையலும்

28-10-58, செவ்வாய்.

விடியற்காலையிலிருந்து தூறல். கிணற்றடிக் கல்லில் பாசி. தேய்க்க வேண்டும் என்று மூன்று நாளாக நினைத்ததோடு சரி. பாக்கியம் வழுக்கி விழுந்தாள். இடது முன்கை. மணிக்கட்டுக்கு மேலே வீக்கம்.

ஜட்கா பிடித்து டாக்டரிடம் போனோம். எலும்பில் கீறல்தான், விலகவில்லை என்றார். இப்போதைக்குக் கையின் அடிப்பக்கம் மட்டும் மாவுப்பட்டை. முழுக்கட்டு வீக்கம் வடிந்த பிறகு. அதற்குள் வேடசந்தூரிலிருந்து பிரசவத்துக்கு அழைக்கக் கார் வந்துவிட்டது. போகிற போக்கில் என்னிடம், "முப்பது வருஷம் கம்பவுண்டரா இருந்தவர். நீங்களே போடுங்க. கையில ஒண்ணும் இருக்கக் கூடாது, எல்லாத்தையும் கழட்டிருங்க" என்றார். வியாழன் வருவாராம்.

முப்பது வருஷமும் மாவுத்துணியை நனைத்து நீட்டியவன் நான். போட்டது டாக்டர்கள். அதைச் சொல்ல வாய் வரவில்லை.

செய்தது:
1. நல்ல கையில் அளவு. முழங்கைக்குக் கீழிருந்து விரல் முட்டி வரை.
2. மாவுத்துணி பத்து மடிப்பு.
3. கைக்குப் பஞ்சு சுற்றல்.
4. வெதுவெதுப்பான தண்ணீர், குமிழி நிற்கும் வரை. பிழிந்து, உள்ளங்கையால் தடவிப் படியவைத்தல். (விரல்நுனி பட்டால் குழி விழும்.)
5. மேலே துணிக்கட்டு. கழுத்தில் தூளி.

சுடுகிறது என்றாள். இறுகும்போது சுடும் என்றேன். அந்தக் குரல் எனக்கே புதிது.

செய்யாதது: கண்ணாடி வளையல் நான்கு. தங்க வளையல் சோப்பு போட்டதில் வந்தது. இவை வரவில்லை. உடைக்கட்டுமா என்று கேட்டேன்.

"நீங்க குத்துக்கல்லாட்டம் உக்காந்திருக்கயில நான் எதுக்கு வளவிய ஒடைக்கணும்? அம்புட்டு அவசரமா உங்களுக்கு?"

அதுவும் புருஷன் கையால் ஆகவே ஆகாதாம். முழங்கைப் பக்கம் ஏறின மட்டும் ஏற்றிவிட்டு, பட்டையை இரண்டு விரற்கடை குட்டையாக்கினேன். தவறு என்று தெரியும். தெரிந்தே செய்தேன்.

29-10, புதன்.

மழை இல்லை. கிணற்றடிக் கல்லைத் தேங்காய் நாரால் தேய்த்தேன். சமையல் நான். புடலங்காய் வெஞ்சனம். உப்பு இரண்டு தடவை விழுந்திருக்கிறது.

மகனுக்குக் கார்டு போடலாமா? பயந்துவிடுவான். நாளை பார்க்கலாம்.

இரண்டு மணிக்கொரு தரம் விரல் சோதனை.
6: நகத்தை அழுத்தினால் வெளுப்பு, விட்டதும் சிவப்பு.
8: அப்படியே.
10: அப்படியே. "கல்யாணத்தன்னிக்குக்கூட இம்புட்டு நேரம் கையப் பிடிக்கல" என்றாள்.
12, 2: அப்படியே.
4: சிவக்கத் தாமதம். சுண்டுவிரல் சில்லென்று. மரத்துப்போகிறது என்றாள்.

என் கட்டு இறுக்கம் என்றே நினைத்தேன். துணியைப் பிரித்து, தளர்த்திச் சுற்றினேன். மாறவில்லை. சுண்டுவிரல் நீலம். அப்புறம்தான் மேலே பார்த்தேன். வளையல்கள் சதைக்குள் அமுங்கி, இருபுறமும் வரப்பு மாதிரி வீக்கம்.

ரத்தம் போகாவிட்டால் விரல் போய்விடும் என்று சொல்லிவிட்டேன். டாக்டர் சொல்லியும் நேற்று நான் செய்யவில்லை என்பதையும் சொன்னேன். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"ஒடைங்க. ஆனா பேசிக்கிட்டே இருங்க. உங்க சத்தம் நிக்கப்படாது."

என்ன பேசுவது? நாற்பத்தோரு வருஷத்தில் சேர்ந்தாற்போல் ஐந்து நிமிஷம் பேசியவன் இல்லை. வாயில் வந்தது வயிற்றுவலி மருந்து. சோடா பைகார்ப் பத்து கிரெயின், இஞ்சி டிங்சர், பெப்பர்மின்ட் தண்ணீர் ஒரு அவுன்ஸ் வரை. வளையலுக்கடியில் மெல்லிய துணியை நுழைத்து, பாக்குவெட்டியால் முதலாவது. இருமல் மருந்தில் இரண்டாவது. மூன்றாவது தெறித்தது. குரலை விடவில்லை. நான்காவதற்குக் குயினைன். முடிந்த பிறகும் சொல்லிக்கொண்டே இருந்தேன் போலிருக்கிறது.

"போதும். இருக்கீங்க" என்றாள்.

அரை மணியில் சுண்டுவிரல் சூடு. நகம் சிவப்பு.

30-10, வியாழன்.

டாக்டர் வீட்டுக்கே வந்தார். வேடசந்தூரில் பெண் குழந்தை, இருவரும் நலம். பட்டையைத் தட்டிப் பார்த்து, நன்றாகப் படிந்திருக்கிறது என்றார். ஏன் குட்டை? முழுவதும் சொன்னேன். திட்டவில்லை. தலையை மட்டும் ஆட்டினார். ஐந்து விரலையும் மடக்கி நீட்டச் சொன்னார். மடங்கின, நீண்டன. பத்து நாளில் முழுக்கட்டு, அதைத் தாமே போடுவதாகச் சொன்னார்.

"எங்க வீட்டுக்காரரே போடட்டுங்க" என்றாள் பாக்கியம்.

இன்று வாங்கியது: ஆயக்குடிக் கொய்யா, ஆறு. இரண்டு அழுகல்.

1-11, சனி.

வெயில். வீக்கம் வடிகிறது. விரல் சோதனை இனி நாளுக்கு மூன்று முறை போதும். கார்டு போட்டாயிற்று: அம்மாவுக்குச் சின்ன அடி, கட்டுப் போட்டிருக்கிறது. யார் போட்டது என்று எழுதவில்லை. எழுதியிருக்கலாம்.

பாக்கியம் ஒரு கையால் அடுப்பைப் பார்த்துக்கொள்கிறாள். புதன் மாலையிலிருந்து ஒரு பழக்கம். உள்ளேயிருந்து, "ஏங்க, இருக்கீங்களா?" இருக்கிறேன் என்கிறேன். இன்று இதுவரை ஐந்து தடவை. சற்றுமுன் எழுதுகிற சுவாரசியத்தில் பதில் தாமதம். கரண்டியோடு நிலைப்படி வரை வந்து, என்னைப் பார்த்துவிட்டு அடுப்படிக்குத் திரும்பினாள். இனித் தாமதிக்கக் கூடாது.

இதோ, கூப்பிடுகிறாள்.