கிரீடம் என் அலமாரியில் இருக்கிறது

லரேடோ, வியாழக்கிழமை

என் செல்ல மகள் மிரேயாவுக்கு அம்மா எழுதுவது. குவாடலூப்பே மாதா புண்ணியத்தில் இங்கே எல்லோரும் நலம், அப்பாவின் முதுகுவலி மட்டும் லாரியோடு சேர்ந்தே வீட்டுக்கு வருகிறது. உன் நலம்தான் எனக்குப் பிடிபடவில்லை. போனில் பேசினால் நான் அழுதுவிடுவேன், நீ உடனே பஸ் ஏறிவிடுவாய், அதனால்தான் கடிதம்.

உன் சங்கத்து இஞ்சினியர் பெர்லா என்னைக் கூப்பிட்டாள். நம் ஸ்பானிஷில்தான் பேசினாள், ஆனாலும் உனக்கு ஏதோ ஆகிவிட்டதென்று நான் பதறியதில் அடுப்பில் பீன்ஸ் அடிப்பிடித்துப் போனது. இஞ்சினியரிங் படிக்கும் நம் பிள்ளைகளுக்காகச் சங்கம் நடத்தும் மாநாட்டில் ஒரு விமானக் கம்பெனி உன்னை நேர்காணலுக்கு அழைத்திருக்கிறதாம், அதே சனிக்கிழமை சித்தி மகள் நயேலிக்குப் பதினைந்து வயதுக் கொண்டாட்டம் என்று நீ மறுக்கப் போகிறாயாம். எங்களிடம் மூச்சுவிட்டாயா நீ? அன்று அவள் தலையில் கிரீடம் வைக்கும் ஞானத்தாய் நீதான், அழைப்பிதழில் உன் பெயர் அச்சாகிவிட்டது, ஞானத்தாய் வராவிட்டால் உறவே விட்டுப்போகும் என்ற உன் பயம் எனக்குப் புரியாமல் இல்லை. ஆனால் பெர்லா சொன்னது காதைவிட்டுப் போகவே மாட்டேன் என்கிறது. “அம்மா, மத்ததுக்கெல்லாம் நாங்க துணைக்கு இருக்கோம். ஆனா ‘போ’ன்னு நீங்கதான் சொல்லணும். எனக்கு எங்க வீட்டுல யாரும் சொல்லல.”

அன்றைக்கே எல்விரா சித்தி வீட்டுக்குப் போய், நீ வரமாட்டாய் என்று சொன்னேன். உட்காரக்கூடச் சொல்லவில்லை. உன் மகளுக்கு இஞ்சின் பெருசாப் போச்சு, நாங்க சிறுசாப் போயிட்டோம் என்றாள். கவுனுக்கு அளவு பார்த்துக்கொண்டிருந்த நயேலிதான் திரும்பி, “மிரேயா வர்றப்ப வரட்டும். அதுவரைக்கும் நான் வெறுந்தலையோடயே ஆடிக்கிறேன், வேற யாரும் கிரீடம் வைக்க வேண்டாம்” என்றாள். சித்தி இன்னும் என்னோடு பேசவில்லை. அப்பாவும் இரண்டு நாள் எதற்கெடுத்தாலும் எரிந்து விழுந்தார், பிறகு, குளிருக்கு அவளிடம் நல்ல கோட்டு இருக்கிறதா என்று கேட்டார்.

எனக்குத்தான் மனசு ஒரு நிலையில் இல்லை. வேலை கிடைத்தால் இன்னும் வடக்கே கொண்டுபோய்விடுவார்களோ என்று பயம், கிடைக்காவிட்டால் உன் முகம் எப்படி வாடுமோ என்று பயம். கிடைக்காமலே போகட்டும் என்றுகூட ஒரு நிமிடம் நினைத்தேன், மாதா என்னை மன்னிக்கட்டும். அங்கே போய்க் கையைக் கட்டிக்கொண்டு ஓரமாக நிற்காதே. பெரியவர்கள் கேட்டால்தான் வாய் திறக்க வேண்டும் என்பது நம் வீட்டுச் சாப்பாட்டு மேசையோடு சரி. நீயே போய்க் கை கொடு, காலேஜில் நீ செய்த விமான இறக்கையைப் பற்றி நீயே சொல். வெறும் வயிற்றோடு போகாதே. பெர்லாவின் பக்கத்திலேயே இரு.

கிரீடத்தை நயேலியிடமிருந்து பெட்டியோடு வாங்கி வந்து, நீ வரும்வரை இருக்கட்டும் என்று என் அலமாரியில் வைத்துவிட்டேன். மாதா உன் நாவில் இருக்கட்டும், உன் கை நடுங்காமல் இருக்கட்டும். நீ போன நாளிலிருந்து வா வா என்றுதான் உனக்கு எழுதியிருக்கிறேன். இந்தச் சனிக்கிழமை வராதே, மகளே.

உன் அம்மா,
ஒஃபேலியா