மூன்றாவது தளத்தில் ரவி எழுதியது

3/11 திங்கள்
விடியும்போதே மழை. துணி காயவில்லை. டயாலிசிஸ் நோயாளிகளை வீடு வீடாக ஏற்றிவரும் வேனுக்கு வழி போடும் நம் புரோகிராமின் கோட், அதைச் சேமித்து வைக்கும் மூன்று இணையத் தளங்களிலும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று பார்த்தேன். ஒரு எழுத்து வித்தியாசமில்லை. போன வருஷம் ஒரு தளம் காரணமே சொல்லாமல் நம் கணக்கை முடக்கியதிலிருந்து இந்த ஏற்பாடு. ஞாயிறுதோறும் என் ஸ்கிரிப்ட் முதல் தளத்தில் இருப்பதை மற்ற இரண்டிலும் அப்படியே ஏற்றிவிடும். இதில் எனக்குக் கொஞ்சம் திமிர் உண்டு.
வாங்க: மைலோ, சவர்க்காரம், எலிப்பொறி.

4/11 செவ்வாய்
சிம்பாங் பூலாயில் போன வாரம் இறந்த பெரியவர் வீட்டு வாசலில் வேன் நின்று ஹாரன் அடித்திருக்கிறது. டிரைவர் போனில் கத்தல். "அந்த வீட்டம்மா அழுதுகிட்டே ஓடி வருது லா. லிஸ்ட்ல பேரு இருக்கு, நான் என்ன செய்ய?"
இறந்தவர் பெயரை எடுத்துவிட்டு வேனின் வழியை மாற்றும் பகுதி, என்னோடு கோட் எழுதும் ரவியின் பொறுப்பு. அவனும் டயாலிசிஸுக்கு அந்த வேனில்தான் ஈப்போ சென்டருக்கு வருகிறான், கோப்பெங் தாண்டி, பழைய ரப்பர் தோட்டத்திலிருந்து. கேட்டேன்.
"அது முடிச்சு மூணு வாரமாச்சே அக்கா. நீங்க இன்னும் போடலையா?"
எங்கே முடித்தான்? எந்தத் தளத்திலும் இல்லை.

5/11 புதன்
வெயில். தலைவலி.
புரிந்துவிட்டது. சென்டர் வைஃபையில் முதல் தளம் திறக்காது, மூன்றாவதுதான் திறக்கும். டயாலிசிஸ் ஓடும்போது ரவிக்கு ஒரு கையில் ஊசி, மறு கையில் போன். அந்தத் தளத்தின் பக்கத்திலேயே நேராக எழுதிச் சேமித்திருக்கிறான். வேறு நகல் கிடையாது. அந்த வார ஞாயிற்றுக்கிழமையே என் ஸ்கிரிப்ட் வந்து, முதல் தளத்தில் இல்லாததையெல்லாம் துடைத்துவிட்டது. அதற்கப்புறம் அவனுக்கு உடம்பு முடியவில்லை, திறந்தே பார்க்கவில்லை.
அழிந்ததை மீட்டுத் தரச் சொல்லி தளத்துக்காரர்களுக்கு எழுதியாச்சு.

6/11 வியாழன்
பதில் வந்தது. மீட்க முடியாதாம்.
ரவி கூப்பிட்டான். "சீக்கிரம் ஓட விடுங்க அக்கா. டாக்டர் நேத்து பேசுனது நல்லால்ல. நாளைக்கு எங்க வீட்டு முன்னால வந்து ஹாரன் அடிச்சா அம்மா தாங்காது."
சரி என்றேன். அவன் எழுதியது அழிந்துபோனதைச் சொல்லவில்லை. காலையில் வாங்கிய நாசி லெமாக் சோறு பாதி குப்பையில். என் மேலேயே ஆத்திரம்.

8/11 சனி
சென்டருக்குப் போனேன். அவன் நாற்காலிக்குப் பக்கத்தில் ஸ்டூல். நான்தான் அழித்தேன், தெரியாமல் அழித்தேன் என்றேன்.  அவன் முகமெல்லாம் வீக்கம். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.
"லேப்டாப் கொண்டாந்தீங்களா? தொறங்க. நான் சொல்றேன், நீங்க தட்டுங்க."
நடுவில் அவனுக்கு மூச்சு வாங்கியது. நர்ஸ் முறைத்தார். ஊசியை எடுப்பதற்குள் முடித்துவிட்டோம்.
"டெஸ்ட் பண்ணுங்க. இறந்தவங்க பேரு கேக்குற எடத்துல என் பேரைப் போட்டுப் பாருங்க."
"வேற பேரு போடுறேன்டா."
"வேற யாரு பேரைப் போடுவீங்க? என்னுதப் போடுங்க லா."
போட்டேன். வழியில் கோப்பெங் இல்லை. வேன் நேராக சிம்பாங் பூலாய். விடியற்காலையில் மற்ற எல்லார் வீட்டுக்கும் வேன் வரும் நேரம் தள்ளிப் போனது. ரவி கழுத்தை நீட்டித் திரையைப் பார்த்தான்.
"பாத்தீங்களா, அவங்கல்லாம் இன்னும் கொஞ்ச நேரம் தூங்கலாம்."
அவன் பெயரை வேன் லிஸ்டில் திரும்பச் சேர்த்தேன். எழுத்துகள் தப்புத் தப்பாக விழுந்தன.