ஜோடி டியூபா, ஒற்றை டியூபா?

அன்பு மச்சானுக்கு,

நீ நெஞ்சுவலியில் போய் எட்டு மாதம் ஆகிறது. உன் மேசையில் இருந்த இரண்டு ஆம்ப்ளிஃபயர் வரைபடங்களையும் உன் மனைவி கலா அக்கா என்னிடம் கொடுத்துவிட்டார். ஒன்று, பழைய ரேடியோவில் எரியுமே அந்தக் கண்ணாடி டியூப், அது ஒற்றையாக ஓடுவது, சத்தம் குறைவு. மற்றது ஜோடி டியூப். சத்தம் அதிகம், உள்ளே நானூறு வோல்ட்டுக்கு மேல். "உன் வூட்டுக்கு ஒத்த டியூபு போதும்பா" என்று படித்துப் படித்துச் சொன்னாய்.

நான் கேட்டேனா? தறிச் சத்தத்தில் ஒற்றை டியூபின் பாட்டு எங்கே காதில் விழப்போகிறது என்று ஜோடியையே கட்டினேன்.

போன அமாவாசை, தறிக்கு லீவு. உன் தங்கை தேவகி பக்கத்தில் உட்கார்ந்து, நெய்து முடித்த சேலையில் நீட்டிக்கொண்டிருந்த ஜரிகையை நறுக்கிக்கொண்டிருந்தாள். முதல் தடவையாக சுவிட்சைப் போட்டேன். கரகரவென்று இரைந்தது. பிளக்கைப் பிடுங்கி, பெட்டியைக் கவிழ்த்துப் பார்த்தேன். டியூப் சாக்கெட்டின் கால்களுக்கு நடுவே ஒரு துண்டு ஜரிகை மின்னியது.

ஜரிகைத் துண்டைக் கண்டால் நம் ஊரில் யார் கையும் சும்மா இருக்காதே, எடுத்து டப்பாவில் போட்டுத்தான் பழக்கம். அவளும் குனிந்து உள்ளே கையை விட்டாள். ஓங்கி அந்தக் கையிலேயே அடித்தேன்.

"இன்னாத்துக்குயா அடிச்ச? அதான் பிளக்க புடுங்கிட்டியே!"

பிளாஸ்டிக் பிடி போட்ட ஸ்க்ரூடிரைவரால் கெப்பாசிட்டரின் இரண்டு முனைகளையும் தொட்டுக் காட்டினேன். பட்டென்று நெருப்பு தெறித்தது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதற்குள் அவ்வளவு கரண்ட் தேங்கிக் கிடந்திருக்கிறது. தேவகி சேலையைச் சுருட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை மச்சான். ஒரு விரல் தூரம்தான் பாக்கி இருந்தது. அவளுக்கு ஏதாவது ஆகியிருந்தால் உனக்கு என்னவென்று எழுதியிருப்பேன்? இத்தனை வருஷம் இதோடு எப்படிக் குடித்தனம் நடத்தினாய்? உனக்குப் பயமே கிடையாதா?

ஐயம்பேட்டைக்குப் போய் கலா அக்காவிடமே கேட்டுவிட்டேன்.

"அவருக்கா பயமில்ல? ஒவ்வொரு வாட்டியும் என்ன மெயின் சுவிட்சாண்ட நிக்க வச்சிட்டுதான் பொட்டியத் தெறப்பாரு. 'நான் கத்தினா என்னத் தொடாத, மொதல்ல மெயின ஆஃப் பண்ணு'ன்னு சொல்லிக்கினே இருப்பாரு. உன்கிட்ட சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வேற வாங்கிக்கினாருப்பா."

என்னிடம் ஏன் மறைத்தாய்? வோல்ட் கணக்கெல்லாம் சொல்லிக்கொடுத்தவன், பயப்படவும் சொல்லிக்கொடுத்திருக்கலாமே?

ஜோடியைப் பிரித்துப் போட்டுவிட்டேன். ஒற்றை டியூபையே கட்டுகிறேன், தேங்கும் கரண்ட் தானாக வடிய ஒரு ரெசிஸ்டரும் வைத்து. தறி ஓடாத நாளில் கேட்டுக்கொள்கிறோம். நேற்று தேவகியிடம் இதைச் சொன்னேன்.

"மெயினாண்ட நான் நிக்கிறேன். ஆனா நீ வீம்பு புடிச்ச ஆளு. கத்துவியா மாட்டியா, அத மொதல்ல சொல்லு."

கத்துவேன் மச்சான். தெருவே திரும்பிப் பார்த்தாலும் வெட்கப்படாமல் கத்துவேன். அவளுக்குச் சொன்னதையே உனக்கும் சொல்கிறேன்.

உன் தங்கையின் புருஷன்,
ஏகாம்பரம்